அரசியல்வாதிகள் மீதான வழக்கு: தனி வழக்குரைஞரை யார் நியமிப்பது?

அரசியல்வாதிகள் மீதான குற்ற வழக்குகளில் எழும் பழிவாங்கல் புகாரைத் தணிக்க அமெரிக்கா இரு வழிகளை முயன்றுள்ளது. 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வே சுதந்திர வழக்குரைஞரைத் தேர்ந்தெடுத்தது. அரசின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் 1994 இல் இவ்வாறு நியமிக்கப்பட்ட கென்னத் ஸ்டார் பொறுப்பேற்ற விசாரணை, ஒரு நில முதலீட்டு விவகாரத்திலிருந்து அதிபர் கிளிண்டனின் அந்தரங்க உறவு வரை விரிந்தபோது, கடிவாளமற்ற அதிகாரமும் சார்புடையதாகவே பலருக்குத் தோன்றியது. 1999 இல் அச்சட்டம் காலாவதியானது.

அதன்பின் வந்த விதிகளின்படி, அதிபரின் அமைச்சரவையில் இருக்கும் அட்டர்னி ஜெனரலே சிறப்பு வழக்குரைஞரை நியமிக்கிறார். பொறுப்புக்கூறல் கூடியது, ஐயமும் கூடியது: டிரம்ப்பை விசாரிக்க 2022 இல் நியமிக்கப்பட்ட ஜாக் ஸ்மித்தை, பைடன் அரசின் கருவி என்றே டிரம்ப் தரப்பு சாடியது. நீதிபதிகளே நியமித்து, விசாரணையின் எல்லையையும் கண்டிப்பாக வரையறுப்பதே எனக்கு ஏற்புடையது. ஏனெனில் எதிரணியின் அரசு கையொப்பமிட்ட நியமனத்தை, குற்றம் சாட்டப்பட்டவரின் ஆதரவாளர்கள் நம்புவது அரிது.