உபுதில் வாங்கிய ஓவியம், சென்னை ஃப்ரேம் கடையில் பாழானது

பாலித் தீவின் உபுதில் வாங்கிய அக்ரிலிக் ஓவியம், 60-க்கு 90 செ.மீ. சென்னையில் ஃப்ரேம் போட்டுத் திரும்பி வந்தபோது படம் 56-க்கு 86 ஆகியிருந்தது. ஓரங்களை நறுக்கி, பிளைவுட்டில் ஃபெவிகால் பூசி ஒட்டி, மேலே கண்ணாடி வைத்துவிட்டார்கள். ஓவியரின் கையெழுத்தில் பாதியைக் காணோம். கேட்டதற்கு, "இப்படித்தான் எல்லாருக்கும் போடுவோம்" என்றார்கள். ஒட்டியதை இனிப் பெயர்த்தால் வண்ணமும் உரியும்.

கேடு தொடங்கியது உபுதிலேயே. விற்பவர் ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கப் பொறுமையின்றி, துணியை இழுத்துக் கட்டியிருந்த உள்கட்டையின் ஓரமாகக் கத்தியை ஓட்டிக் கேன்வாஸை அறுத்தெடுத்துவிட்டார். பின்னால் மடித்திருந்த 4, 5 செ.மீ. வெற்றுத் துணி அதோடு போயிற்று. மறுபடி இழுத்துக் கட்ட அதுதான் பிடி. அது இல்லையென்றால் படத்தையே பக்கவாட்டில் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையில் ஒட்டத் தோன்றும். பணம் கொடுக்கும் முன்பே "பின்னைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கையெழுத்து தெரிய முழுப் படத்தையும் அளவுநாடாவோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அளவை எழுதச் சொல்லுங்கள்.

சுருட்டும்போது வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் வண்ணப்படலம் நெருக்குண்டு சுருக்கம் விழும். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, 10 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் வேண்டாம். வண்ணத்தின் மேல், கேக் சுடப் பயன்படும் சிலிக்கோன் பூசிய தாளை வைக்கலாம். செய்தித்தாளின் மை ஒட்டும். பபிள் ராப் நேராகப் பட்டால் வெயில் சூட்டில் இளகும் அக்ரிலிக்கில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். கத்தியால் அப்பியதுபோல் தடித்த வண்ணம் என்றால் சுருட்டவே கூடாது, வெடிக்கும். வீடு வந்ததும் பிரித்துச் சுத்தமான துணிமேல் விரியுங்கள். இஸ்திரிப் பெட்டி அதன் பக்கமே வரக் கூடாது.

பாலியின் கமாசான் கிராமத்துப் பாணித் துணி ஓவியம் வேறு வகை. அரிசிக் கஞ்சி பூசி, சோழியால் தேய்த்து வழவழப்பாக்கிய துணி அது. ஈரப்பசை பட்டால் கெட்டுவிடும்.

ஃப்ரேம் கடையில் கேன்வாஸுக்கு "ஒட்டாதீங்க, நறுக்காதீங்க, கண்ணாடி வேண்டாம்" என்று மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சென்னையின் புழுக்கத்தில் கண்ணாடியோடு உரசும் அக்ரிலிக் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். காகித ஓவியத்துக்குக் கண்ணாடி தேவை. ஆனால் அமிலமற்ற மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இடையில் இருந்து கண்ணாடி படத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை விடும்.

உள்கட்டையின் முன்விளிம்பு உள்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தட்டையான கட்டை கேன்வாஸைத் தொட்டால், நாளடைவில் படத்தின் முகத்தில் நாலு பக்கமும் கோடு விழும். நல்ல கட்டையின் மூலைகளில் ஆப்பு செருக இடம் இருக்கும். துணி தளர்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

ஓரம் ஏற்கெனவே போயிருந்தால், ஓவியப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர் பின்பக்க ஓரங்களில் புதுத் துணிப் பட்டை இணைத்துத் தருவார். ஃப்ரேமைவிடச் செலவு கூடலாம். படம் முழுதாக நிற்கும். பாக்கிப் பணம் தரும் முன் ஃப்ரேமைத் திருப்பிப் பாருங்கள்: பின்னால் துணி தெரிய வேண்டும். பிளைவுட்டோ ஹார்டுபோர்டோ மூடியிருந்தால் அங்கேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.