குமரி மாவட்டத்தில் லினக்ஸ் கேமிங்: மின்ட்டா, பஸைட்டா?

விண்டோஸை விட்டு லினக்ஸில் கேம் ஆட நினைத்தால், மின்ட், பஸைட் என்ற அதன் இரண்டு வகைகளில் எதைப் போடுவது? முதலில் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். வாலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜியின் பிசி பதிப்பு மூன்றும் எந்த லினக்ஸிலும் ஓடாது; ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க அவற்றில் இருக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் விடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் 2024 கடைசியில் லினக்ஸைத் தடுத்துவிட்டது. ஜிடிஏ 5-இல் கதையை ஆடலாம், ஆன்லைன் ஆட முடியாது. கூட்டாளிகள் எல்லாரும் வாலரன்ட் என்றால் விண்டோஸை அழிக்கவே அழிக்காதீர்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 நேரடியாகவே லினக்ஸில் ஓடும். தனியாக ஆடும் விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவற்றை ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான், அதாவது விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள், பார்த்துக்கொள்ளும்.

மின்ட்டா பஸைட்டா என்பதைப் பாதி முடிவு செய்வது உங்கள் கிராபிக்ஸ் கார்டுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ செகண்ட் ஹேண்டில் எடுத்த பிசியைத் திறந்து பாருங்கள். உள்ளே என்விடியாவின் பழைய கார்டான ஜிடி 710 இருந்தால் மின்ட்தான் வழி. அந்தக் கார்டுக்கான கடைசி என்விடியா டிரைவர் வரிசை 470. அதில், கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேச உதவும் வல்கன் 1.2 வரைதான் உண்டு. இப்போதைய புரோட்டானில், விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே-வுக்கோ வல்கன் 1.3 வேண்டும். அதனால்தான் 'பிளே' அழுத்தினதும் ஒரு நொடி கறுப்புத் திரை வந்து, எந்தச் செய்தியும் இல்லாமல் கேம் மூடிக்கொள்கிறது. மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் 470-ஐப் போட்டு, ஸ்டீமில் அந்த கேமின் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய் புரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடுங்கள். டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான பழைய கேம்கள் பல இதில் எழுந்துவிடும். பஸைட்டின் என்விடியா இமேஜ்கள் இவ்வளவு பழைய கார்டுக்கு ஆகாது.

ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஓரளவு புதிய ஏஎம்டி கார்டு என்றால் இரண்டும் ஓடும். அப்போது பார்க்க வேண்டியது கரண்டு.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் ஊர் நம்முடையது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், கரண்டு போய்விடும். மின்ட் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் பேக்கேஜ்கள் பாதியில் தொங்கும். டெர்மினலில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும், சில சமயம் டெஸ்க்டாப்பே வராது. பஸைட் புதிய பதிப்பைத் தனியாக எழுதி, முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்த பூட்டில் அதற்கு மாறும். நடுவில் நின்றாலும் பழையது அப்படியே எழும்பும். புதியது சரியில்லை என்றால் பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதிய கார்டு வைத்திருப்பவர்களுக்கு பஸைட்டைத் தயங்காமல் சொல்வது இதற்காகவே. எதைப் போட்டாலும் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புற சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் வையுங்கள். மற்ற பக்கத்தில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

பஸைட்டின் குறை டேட்டா. மின்ட்டை இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி. பஸைட் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அப்டேட்களும் பெரியவை. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பயாஸில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதைத் தாண்டிப் போய்விடாமல் என்ரோல் எம்ஓகே கொடுங்கள். பஸைட் அங்கே கேட்கும் பாஸ்வேர்டு 'யுனிவர்சல்புளூ': ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

இரண்டிலும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும் இடம் ஹார்ட் டிஸ்க். விண்டோஸின் டி டிரைவில் கிடக்கும் கேம்களை அங்கிருந்தே ஓட்டப் பார்க்காதீர்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் உருவாக்கும் ஃபோல்டருக்குள் முக்காற்புள்ளி சேர்ந்த பெயர்கள் இருக்கும். விண்டோஸ் டிரைவின் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் விண்டோஸ் அவற்றை ஏற்காது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கும் வசதி) இயங்கினால் அந்த டிரைவ் படிக்க மட்டும்தான் திறக்கும், கேம் சேவ் ஆகாது. அந்த டிரைவில் 200 ஜிபியாவது பிரித்து லினக்ஸின் வடிவமான எக்ஸ்ட்4 ஆக்கி, ஸ்டீமின் ஸ்டோரேஜ் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மின்ட்டில் ஸ்டீமை ஃபிளாட்பேக்காக (தனிப் பெட்டிக்குள் இயங்கும் பேக்கேஜாக) போட்டிருந்தால், அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் செயலியில் அந்த டிரைவுக்கு அனுமதி தரும்வரை அது பட்டியலில் வராது. சிஸ்டம் பேக்கேஜாகப் போட்டால் இந்த வேலை மிச்சம்.