பசியைக் கேட்டுச் சாப்பிடச் சொன்ன வகுப்பு, கடைசியில் நிறையைக் கேட்டது

ஆறு வாரம், சனிக்கிழமை இரவு எட்டரைக்கு சூமில் வகுப்பு, மற்ற நாட்களில் வட்ஸ்அப் குழு, கட்டணம் 6,500 ரூபாய். நடத்துபவர் கனடாவில் இருக்கும் எங்கள் பக்கத்து அக்கா ஒருவர். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

எனக்கு வயது 24. ஏ.எல். முடித்ததிலிருந்து கலோரி கணக்குப் போடும் ஆப் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதில் புட்டு என்று தேடினால் ஆளுக்கொரு எண் வரும், அம்மா நீத்துப்பெட்டியில் அவிக்கிற புட்டில் எவ்வளவு தேங்காய்ப்பூ என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பகல் முழுக்க வாயைக் கட்டுவது, பின்னேரம் கம்பஸுக்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் மூன்று, இரவு அழுகை, திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து.

வகுப்பில் சொல்லித் தருவது, பசியைக் கேட்டுச் சாப்பிடும் ‘இன்டூயிட்டிவ் ஈட்டிங்’ (Intuitive Eating) என்ற முறை. இது அக்காவின் கண்டுபிடிப்பு இல்லை, அதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார். 1995இல் ஈவ்லின் ட்ரைபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியலாளர்கள் 10 கொள்கைகளாக எழுதியது. டயட்டை விடு, பசித்தால் சாப்பிடு, வயிறு காணும் என்றால் நிறுத்து, எந்தச் சாப்பாட்டையும் எதிரியாக்காதே, இப்படிப் போகும். முதல் பயிற்சி, சாப்பிட முன் பசிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுப்பதும் பாதிக் கோப்பையில் ஒருமுறை கையை நிறுத்திப் பார்ப்பதும். கேட்க லேசாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் பாதிக் கோப்பை என்று ஒன்று கிடையாது, பாதி ஆனதும் அம்மா நிரப்பிவிடுவா. “காணும் அம்மா” என்றால் “என்ன காணும், இதென்ன குருவிச் சாப்பாடோ” என்று இன்னொரு அகப்பை சொதி விழும். அப்புறம் நானே போட்டுச் சாப்பிடத் தொடங்கினேன், அம்மா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தா.

இரண்டாம் வாரம், பயப்படுகிற சாப்பாட்டை வாங்கி வீட்டில் வைக்கச் சொன்னார். ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கினேன். முதல் இரண்டு நாள் பேய் மாதிரித் தின்றேன், உண்மை. நாலாம் நாள் பிரிட்ஜில் இருப்பதே மறந்துபோய், தம்பி கேட்காமல் எடுத்துத் தின்றதைக்கூட அடுத்த நாள்தான் கவனித்தேன். இந்த ஒன்றுக்கே 6,500 கொடுக்கலாம்.

பாடக் குறிப்புகளில் அவகாடோ, ஓட்ஸ் என்று கிடக்கிறது, இங்கே யார் வீட்டில் காலையில் அதெல்லாம். கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. என்னைக் கேட்டால் விரதம் வேறு, டயட் வேறு, விரதத்துக்கு முடிகிற நாள் தெரியும், பாரணை உண்டு, அன்றைக்கு யாரும் நிறை பார்ப்பதில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒருவர் கேட்டபோது மட்டும் பசியை மட்டும் நம்பாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள் என்று தெளிவாகச் சொன்னார், அது சரி.

இனி குறைக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு ஒன்றைக் காட்டினார், 2010இலிருந்து 2018 வரை 1,491 இளம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்தது. பசியைக் கேட்டுச் சாப்பிட்டவர்களுக்கு எட்டு வருஷம் கழித்து மனச்சோர்வும், உடம்பைப் பற்றிய வெறுப்பும், கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தின்பதும் குறைவாக இருந்ததாம். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இந்த மாதிரி ஆய்வு போதாது, இருந்தாலும் எனக்கு அது நம்பிக்கை தந்தது. பிறகு அவருடைய விளம்பரத்தைத் திரும்பிப் பார்த்தால் “ஆறு வாரத்தில் ஐந்து கிலோ”, பக்கத்தில் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படம். எட்டு வருஷக் கதையைக் காட்டிக்கொண்டே ஆறு வாரக் கிலோவை விற்பது என்ன நியாயம்? டயட்டை விடச் சொல்கிற வகுப்புக்கு மெலிகிற ஆசையைக் காட்டித்தான் ஆள் பிடிக்க வேண்டுமா?

என் காற்சட்டை அதே அளவுதான். கலோரி ஆப்பை அழித்துவிட்டேன், கலியாண வீட்டில் மாமி “உடம்பு வைச்சிட்டாய் பிள்ளை” என்றபோது முன்பு போல அடுத்த பந்தியைத் தவிர்த்துவிடாமல், இருந்து சாப்பிட்டேன்.

கடைசி வாரம் ஒரு படிவம் வந்தது, முதல் கேள்வியே இப்போதைய நிறை. வெறுமையாக விட்டு அனுப்பினேன். அது நிரப்பினால்தான் சான்றிதழ் என்று பதில் வந்தது, இன்னும் நிரப்பவில்லை.