"நான் சொன்னேனா?" என்று ஒரே வார்த்தையில் போனது என் கூலி: படகு வேலை செய்கிறவர்கள் கவனிக்கவும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருக்கும் ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்), பைபர் பூச்சு அடிப்பவர்கள், இன்ஜின் மெக்கானிக்குகள் எல்லோரும் இதைப் படியுங்கள். படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நமக்கு வருஷத்துச் சோறே அதில்தான். அந்த அவசரத்தில்தான் நான் ஏமாந்தேன்.

ஒரு விசைப்படகு என் பட்டறைக்கு வந்தது. ஆறு பலகை மாற்றி, தண்ணீர் புகாதபடி பலகை இடுக்குகளை அடைத்து (கலப்பத்து அடித்து)த் தர 45,000 ரூபாய் என்று பேசினோம். பழைய பலகையைக் கழற்றினால், உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் விரலால் அழுத்தினாலே பொடியாகும் அளவுக்கு உளுத்துக் கிடந்தன. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பார்த்துச் செய்யுங்க ஓடாவி, பதினஞ்சாம் தேதி கடலுக்குப் போகணும்" என்றார். தெரிந்த மனிதர்தானே என்று காசு பேசாமல் விட்டேன். தினமும் சாயங்காலம் வந்து நின்று வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போவார். மரமும் கூலியுமாக 28,000 ஆனது. அவர் தூத்துக்குடி போயிருந்த நான்கு நாளில், வீல் அறைக் கூரை ஒழுகுகிறதே என்று நானாகவே பைபர் அடித்தேன். அது 9,000. இதற்கிடையில் மரத்து விலை ஏறி, பேசிய ஆறு பலகைக்கும் சேர்த்து 4,000 கூடிவிட்டது.

படகை இறக்கிய பிறகு 45,000-ஐ மட்டும் எண்ணிக் கொடுத்தார். மிச்சத்தைக் கேட்டால், "அதெல்லாம் நான் சொன்னேனா?" என்கிறார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட வேலை செய்த மூன்று பேருக்கும் கடன் வாங்கித்தான் கூலி கொடுத்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல், நியாயமான வழியில் ஒருவருக்கு ஒரு வேலையைச் செய்து, அவர் அதன் பலனை அனுபவித்தால், காசு பேசியிருக்காவிட்டாலும் அவர் ஈடு தர வேண்டும். எனக்கு உயிர் வந்தது. அப்போ 41,000-ம் வந்துவிடுமா என்றேன். வராது என்றார்.

மரத்து விலை ஏறிய 4,000 போனது போனதுதான். ரேட் பேசி முடித்த வேலைக்குள் இந்தப் பிரிவு வராது. ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த ஏஜென்டுகள், போர்க்காலத்தில் செலவு ஏறிவிட்டது என்று பேசியதற்கு மேல் கேட்டார்கள். 1960-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

கூரை விஷயத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. நல்ல எண்ணத்தில் செய்தது, இன்றும் அந்தக் கூரைக்குக் கீழேதான் நின்று படகு ஓட்டுகிறார்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்று கேட்டார் வக்கீல். இல்லை. அடித்த பைபரை உரித்துத் திருப்பித் தரவும் முடியாது. மேற்கு வங்க அரசுக்குக் கிடங்கு கட்டிய ஒரு நிறுவனத்துக்கு, முறையான ஒப்பந்தம் இல்லாமலேயே இந்தப் பிரிவின்படி பணம் கிடைத்ததாம், அரசு அதை ஏற்றுப் பயன்படுத்தியதால். அதே தீர்ப்புதான் சொல்கிறது: ஏற்பதும் தள்ளுவதும் எதிராளியின் இஷ்டம், அவர் தலையில் கட்டிவிட்டுக் காசு கேட்க முடியாது.

மரச்சட்டங்கள் மாற்றிய 28,000-க்குத்தான் வலு இருக்கிறது. அவர் பார்த்தார், செய்யச் சொன்னார், அந்தப் படகில்தான் தொழிலுக்குப் போகிறார். அதிலும் என் பில் அப்படியே வராது. வேலைக்கு நியாயமான மதிப்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. படகு பட்டறையில் என் கையில் இருந்தவரை, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி கூலி பாக்கிக்காக அதை நிறுத்தி வைத்திருக்கலாமாம். நானே ஆள் கூட்டித் தள்ளி இறக்கிக் கொடுத்தேன்.

28,000-க்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், போடுவேன். இப்போதெல்லாம் பலகையைக் கழற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்தால், அதைப் படம் எடுத்து, "இதுக்கு இவ்வளவு ஆகும், செய்யவா?" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறேன். பதில் வரும்வரை உளியைத் தொடுவதில்லை.