ஒரே நாளில் கடல்தொட்டி வைத்துத் தருகிறோம் என்று யாரும் வந்தால்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் காசைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள். போன சித்திரையில் எனக்கு நடந்தது இது. 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா போனது, இரண்டு வருசம் கட்டியெடுத்த சீட்டுக்காசு. காசை விடுங்கள். கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செத்த உயிர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது. கடையின் பெயரை எழுதவில்லை. என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை, எழுதினால் நிரூபிக்க வழியில்லை. ஆனால் அவர்கள் செய்த விதத்தைச் சொல்லிவிட்டால், அதே ஆட்கள் வந்தாலும் வேறு ஆட்கள் வந்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

நான் முல்லைத்தீவில் பிறந்தவன். தொழிலுக்காகக் கிளிநொச்சி நகரில் குடியேறிப் பன்னிரண்டு வருசம். ஒன்பது வயது மகள் கடலைக் காண்பதென்றால் பரந்தன் சந்தியால் திரும்பி முல்லைத்தீவுக்குப் போகவேண்டும், அதுவும் வருசத்தில் இரண்டு மூன்று தடவைதான். முருகைக்கல்லுக்குள், அதுதான் பவளப்பாறைக்குள், மீன் ஓடுவதை அவள் வீட்டில் இருந்தே பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. தொட்டி, உப்பு, உயிர்க்கல் (பாசியும் பக்டீரியாவும் உயிரோடு குடியிருக்கும் கடற்கல்), மீன், பூமாதிரி விரியும் கடற்சாமந்தி எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து வைத்துத் தருவார்களாம். எடுத்துக் கதைத்தேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல தமிழில், "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், எல்லாம் நாங்கள் பாக்கிறம்" என்றார். முழுக் காசும் முற்பணமாகக் கேட்டார். போட்டேன்.

இரவு பஸ்ஸில் றிஜிபோம் பெட்டிகளோடு ஒரு தம்பி வந்து இறங்கினான். நாலடி நீளத் தொட்டி முதலே லொறியில் வந்திருந்தது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஏறக்குறைய 250 லீற்றர் பிடிக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை மோட்டாரால் நிரப்பி, ஒரு வெள்ளைப் பொலித்தீன் பையில் இருந்த உப்பைக் கொட்டிக் கலக்கி, கல்லை அடுக்கி, ஒரு சின்னப் போத்தல் 'பக்டீரியா'வை ஊற்றி, பின்னேரம் மூன்று மணிக்கு மீனை விட்டுவிட்டான். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாங் மீன், இரண்டு இறால், ஒரு மஞ்சள் கடற்சாமந்தி, கையளவு ஒரு முருகைக் கொத்து. மகள் அன்றிரவு தொட்டிக்கு முன்னால் பாயைப் போட்டுப் படுத்தாள்.

அந்த அவசரத்தில்தான் முழு ஏமாற்றும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு ஊறும். அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு கிழமை, ஆறு கிழமை எடுக்கும். அதுவரைக்கும் மீன் விடக்கூடாது. கடல்நீரின் காரத்தன்மையிலும் எங்கள் ஊர் வெக்கையிலும் அமோனியாவின் நஞ்சு நன்னீர்த் தொட்டியைவிட இன்னும் கூட. போத்தல் பக்டீரியா சிலவேளை அந்தக் காலத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். காலையில் உப்பைக் கரைத்துப் பின்னேரம் மீன் விடுகிறவனுக்கு அந்த மீன் ஒரு மாதம் உயிரோடிருக்கும் என்ற எண்ணமே இல்லை. செத்தால் அடுத்த பெட்டியை விற்கலாம். ஆறாம் நாள் ஒரு கோமாளி மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. பின்னேரம் செத்துவிட்டது. போன் எடுத்தேன். "ஒண்டு ரெண்டு போறது வழமை அண்ணை" என்றார்.

பதினோராம் நாள் நீல டாங்கின் உடம்பில் உப்புத் தூவினமாதிரி வெண்புள்ளி. மறுநாளே ஒரு போத்தல் நீல மருந்து பஸ்ஸில் வந்தது, 6,500 ரூபா. தொட்டிக்குள்ளேயே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். விடியப் பார்த்தால் இரண்டு இறாலும் பக்கவாட்டில் கிடக்கின்றன. ஒன்றின் கால்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. மகள் "அப்பா, அது இன்னும் உயிரோட இருக்கு" என்று கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது செம்பு கலந்த மருந்து. வெண்புள்ளிக்குச் செம்பு நல்ல மருந்துதான், ஆனால் மீனை வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கேதான் கொடுக்கவேண்டும். இறால், நத்தை, கடற்சாமந்தி, முருகை எதுவும் செம்பைத் தாங்காது. சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் அது ஒட்டி நின்று பிறகு மெல்ல மெல்லக் கசியும். ஒருக்கால் ஊற்றினால் அந்தக் கல்லை நம்பி முருகை வைக்க முடியாது. கடல்மீன் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அந்தக் கிழமை முல்லைத்தீவில் இருந்து சித்தப்பா வந்தார். அவர் சுழியோடி. கடலட்டைக்கு நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் இருபது வருசத்துக்கு மேல் குளித்தவர். வந்தவர் தொட்டியைப் பார்த்தபடி கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு கல்லை வெளியே எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"தம்பி, இது செத்த கல்லடா. கடல் மணக்கேல்லை."

ஊதா நிறத்தில், 'உயிர்க்கல்' என்று கிலோ 2,000 ரூபாப்படி 25 கிலோ தந்திருந்தார்கள். உண்மையான உயிர்க்கல்லில் ஊதாவாகப் படர்வது ஒரு சுண்ணாம்புப் பாசி. அது கல்லோடு கல்லாக இறுகியிருக்கும், சுரண்டினால் மாவாக உதிரும். சித்தப்பா பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்ட, நிறம் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று வந்தது. பெயின்ற். அதற்குக் கீழே வெள்ளைக் கல். அந்தக் கல் ஈரமில்லாமல், பழைய பேப்பரில் சுற்றித்தான் வந்தது. காய்ந்த கல் வாங்குவதில் பிழையில்லை, பொறுமையாகப் பதப்படுத்தினால் அதுவும் நல்ல கல்லாகும். ஆனால் காய்ந்ததைக் காய்ந்தது என்று சொல்லி, அந்த விலைக்கு விற்கவேண்டும்.

அடுத்ததாக அவர் காட்டியது கடற்சாமந்தியை. எலுமிச்சம்பழம்போல ஒரே மஞ்சள். "நான் இவ்வளவு காலம் தண்ணிக்குக் கீழ கிடந்தனான், இப்பிடி ஒரு நிறத்தில கண்டதில்லை." அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அது வந்த பையில் இருந்த தண்ணீர் மஞ்சள் கரைத்ததுபோல இருந்தது. கேட்டபோது, பயணத்தில் பயந்து சாறு விட்டிருக்கு என்று அந்தத் தம்பி சொன்னான். கடற்சாமந்தியின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் பிழைக்கிறது. அதன் மண்ணிறம் அந்தப் பாசிகளால் வருவது. பாசி கழன்று வெளிறிப்போன கடற்சாமந்திக்குச் சாயம் ஊட்டி, 'அபூர்வ நிறம்' என்று கூடின விலைக்கு விற்கிறார்கள். உலகம் முழுக்க நடக்கிற களவு இது. கண் கூசும் மஞ்சளோ ரோஸோ கண்டால் கையை எடுத்துவிடுங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிக்கால் கல்லைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது கல்லைப் பிடிக்கவே இல்லை, பம்பின் நீரோட்டத்தில் உருண்டு திரிந்தது. பதினாறாம் நாள் சாயம் போய், வெள்ளைச் சீலைத் துண்டுபோலக் கிழிந்து கிடந்தது. உள்ளே கையை விட்டு எடுத்தபோது விரலிடையால் வழுகிப் போனது.

உப்பின் கதையை நானே கண்டுபிடித்தேன். பத்துக் கிலோ, கிலோ 2,400 ரூபா, வெளிநாட்டு முருகைத்தொட்டி உப்பு என்றார்கள். பையில் ஒரு எழுத்தும் இல்லை, 'பெரிய வாளியில் இருந்து பிரித்துக் கட்டினது' என்றார்கள். நண்பர் ஒருவர் மூலம் கல்சியம் பார்க்கும் குப்பிகளை எடுப்பித்தேன். ஐந்து மில்லிலீற்றர் தண்ணீரில் ஒவ்வொரு துளியாக விட்டு எண்ணவேண்டும், ரோஸ் நிறம் நீலமாகும் வரைக்கும். ஒரு துளிக்குப் பத்து இலட்சத்தில் 20 பங்கு கல்சியம். சித்தப்பா அனுப்பிய முல்லைத்தீவுக் கடல்நீருக்கு இருபத்தொரு துளி எடுத்தது, அதாவது 420. கடல் அப்படித்தான் இருக்கவேண்டும். என் தொட்டித் தண்ணீர் நாலாம் துளியிலேயே நீலமாகியது. அந்த நாலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ஆர்ஓ தண்ணீரில் (உப்பும் சுண்ணாம்பும் வடித்தெடுத்த தண்ணீர்) அந்த உப்பை மட்டும் கரைத்துப் பார்த்தேன். முதல் துளியிலேயே நீலம். கல்சியமே இல்லாத வெறும் உப்பு. முருகை தன் எலும்பைக் கட்டுவதே கல்சியத்தால். மண்ணுக்குள் ஒரு சத்தும் இல்லாமல் பயிரை நட்டதுபோலத்தான் அது. ஆனையிறவு உப்பளத்துக் காற்று அடிக்கிற ஊரில் இருக்கிற எனக்குச் சோற்றுப்பு என்ன விலை என்று தெரியும். அதைப் பத்துக் கிலோ 24,000 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறேன்.

கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். வன்னிக் கிணறுகள் பல சவர், பல சுண்ணாம்பு, தோட்டத்துக்குக் கிட்ட இருந்தால் பசளையும் ஊறியிருக்கும். ஊருக்கு ஊர் இருக்கிற ஆர்ஓ நிலையத்துத் தண்ணீர் நல்லது, ஆனால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீற்றர் வைத்துப் பாருங்கள். நான் எடுக்கிற இடத்தில் 38 காட்டியது. தொட்டிக்குப் பூச்சியத்துக்குக் கிட்ட வேண்டும்.

வெக்கையைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. ஒரு வெப்பமானிகூடத் தரவில்லை. சித்திரை மத்தியானம் எங்கள் விறாந்தையில் தொட்டித் தண்ணீர் 32.5 பாகை. முருகைக்கு 25, 26 பாகை சுகம், முப்பதைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் வெளிறத் தொடங்கும். தண்ணீரின் மேல் காற்றுப் படும்படி இரண்டு சின்ன மின்விசிறி பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். இறங்குகிற அளவுக்குத் தண்ணீரும் ஆவியாகும், என்னுடையதில் நாளுக்கு மூன்று லீற்றர். இங்கேயும் பிழையாகச் சொல்லித் தந்தார்கள், குறைகிற தண்ணீருக்கு உப்புத்தண்ணீர் விடச் சொன்னார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். நன்னீர்தான் விடவேண்டும். அவர்கள் சொன்னபடி செய்ததில் 1.025 இல் இருக்கவேண்டிய உப்படர்த்தி 1.031 க்கு ஏறியிருந்தது.

அந்த முருகைக் கொத்து ஒன்பதாம் நாளே வெளிறிவிட்டது. அதன் அடிப்பக்கம் புதிதாக உடைத்த தடயத்தோடு வந்திருந்தது, கடலில் இருந்து நேரே பெயர்த்தது. எனக்கு அப்போது தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இலங்கையில் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. உலக அளவிலும், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. விற்றவர் பஸ் ஏறிப் போய்விடுவார், பொருள் இருப்பது உங்கள் விறாந்தையில். 1998 இலும் 2016 இலும் கடல் சூடாகி எங்கள் தீவைச் சுற்றி எவ்வளவோ முருகை வெளிறிச் செத்தது. மிஞ்சியதில் ஒரு கொத்து என் வீட்டில் செத்தது என்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீல டாங் பத்தொன்பதாம் நாள் போனது. வளர்ந்தால் ஒரு அடி வரும் மீன் அது, 250 லீற்றருக்கு விற்றிருக்கவே கூடாது. எல்லாவற்றையும் எழுதி, படங்களோடு கடைக்காரருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டு இருந்தால்தான் பலம். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டுச் சட்டம். நான் கேட்கவில்லை. நீங்கள் பெட்டியைத் திறக்க முன்னமே, ஒவ்வொரு பொருளின் பெயரும் விலையும் எழுதின சீட்டைக் கேளுங்கள். 'உயிர்க்கல்' என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். வைக்கமாட்டார்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

மிஞ்சிய ஒற்றைக் கோமாளி மீனை வேறு தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன், அது நன்றாக இருக்கிறது. செம்பு ஏறிய கல்லையும் மணலையும் எறிந்தேன். வைகாசியில் நானும் மகளும் சீமெந்தும் சிப்பித்தூளும் கலந்து கற்கள் வார்த்து, காரம் கழியும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஊறப்போட்டோம். சோளகக் காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் தெளிந்து கிடக்கும். சித்தப்பா படகில் அலைக்கு வெளியே போய், வட்டுவாகல் முகத்துவாரத்துக்குத் தூரமாக, இருபது லீற்றர்க் கான்களில் தண்ணீர் அள்ளித் தந்தார். இப்போது மூன்றாம் கிழமை. தொட்டிக்குள் கல்லும் தண்ணீரும் மட்டும்தான். மகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அமோனியா பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள், நேற்று 0.5, மீன் விட இன்னும் காலமிருக்கிறது.

கல்சியக் குப்பியில் இன்னும் இருபது தடவை பார்க்குமளவுக்கு மருந்து இருக்கிறது. எழுத்தில்லாத வெள்ளைப் பையில் யாரிடமாவது தொட்டி உப்பு வாங்கியிருந்தால், தண்ணீரில் கரைக்க முன் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஐந்து நிமிடத்தில் துளியை எண்ணிச் சொல்லிவிடுகிறேன், காசு வேண்டாம்.