அம்மாவின் பட்டன் போனும் புயல் எச்சரிக்கையும்: செயலியா, குறுஞ்செய்தியா, ஒலிபெருக்கியா?

என் அம்மா கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தனியாக இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்குத் தூக்கம் பாதியாகிவிடும். மழையைப் பற்றி அரசு சொல்லாமல் இல்லை. எக்ஸ் தளத்தில் சொல்கிறது, வாட்ஸ்அப்பில் சொல்கிறது, செயலியில் சொல்கிறது, குறுஞ்செய்தி அனுப்புகிறது, வானொலியில் வாசிக்கிறது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்கிறது. இத்தனையில் எதை நம்பி அம்மாவை அங்கே விட்டுவைப்பது என்பதுதான் இரண்டு மழைக்காலங்களாக என்னை அரித்த கேள்வி. ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டு, குறுஞ்செய்திக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அதற்குத் துணை ஊர் ஒலிபெருக்கி. பெற்றோரை ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் விட்டுவிட்டு வெளியூரில் பிழைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால் இதை எழுதுகிறேன்.

கேள்வி எழுந்தது ஃபெஞ்சல் புயலின்போது. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கும் மேல். காற்று அடங்கியதும் எங்கள் ஊர் தப்பித்தது என்று நினைத்தோம். அடுத்த நாள் மேற்கே, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறியது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்த பிறகே திறந்ததாக அரசு சொன்னது. முறையான எச்சரிக்கை இல்லை என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. அனுப்புவது ஒரு வேலை, போய்ச் சேர்வது இன்னொரு வேலை என்பதை அந்த இரவில்தான் நான் புரிந்துகொண்டேன்.

கோவையில் இருந்த நான் எக்ஸ் தளத்தில் அணைச் செய்தியைப் பார்த்துவிட்டேன். அம்மாவை அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. விடிவதற்குள் யாரோ ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டு, பக்கத்து வீட்டார் அவரை மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான்காம் நாள் ஊருக்குப் போய் அவருடைய பட்டன் போனை வாங்கிப் பார்த்தேன். அணை திறப்பு பற்றிய குறுஞ்செய்தி முதல் நாள் இரவே வந்து, படிக்கப்படாமல் கிடந்தது.

அப்படியானால் குறுஞ்செய்தி தோற்றுப்போனதுதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் செயலி பக்கம் போனேன்.

அதற்கு முன், எக்ஸ் தளத்தையும் வாட்ஸ்அப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறை அறிவிப்புக்காக விடிகாலையில் காத்திருக்கும் பெற்றோருக்கும், செய்தியாளர்களுக்கும், என்னைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கும் எக்ஸைவிட வேகமானது எதுவும் இல்லை. ஆனால் வாசலில் தண்ணீர் ஏறும் வீட்டில் யாரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் கை மாறும் செய்தி தேதியைத் தொலைத்துவிடும். போன வருடத்து எச்சரிக்கை இந்த வருடம் புதிதாக வந்து நிற்கும். 2015 சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும், நாசா இன்னும் பெருமழையைக் கணித்திருப்பதாகவும் சுற்றியவை இரண்டுமே பொய். அரசின் உண்மை அறிவிப்பும் அதே வரிசையில், அதே சித்தப்பாவின் பெயரில்தான் வந்து சேர்கிறது. அம்மாவால் பிரித்துப் பார்க்க முடியாது. அவசரத்தில் என்னாலும் முடியாது.

செயலிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாநில அரசு 2024இல் கொண்டுவந்த டிஎன் அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத், வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் ஆகியவற்றில் இருக்கும் தகவலில் பத்தில் ஒரு பங்குகூடக் குறுஞ்செய்தியில் அடங்காது. நாம் இருக்கும் இடத்துக்கான எச்சரிக்கை வரும், நிறமும் தெரியும். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. (சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று அளவை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். அது நம்மை நோக்கிச் சொல்லப்படும் வினைச்சொல் என்பதை மறந்துவிடுகிறோம்.) தை மாதம் அம்மாவுக்கு ஒரு தொடுதிரை போன் வாங்கி, இரண்டு செயலிகளைப் போட்டு, இருப்பிட அனுமதி கொடுத்து, மணியொலியையும் பெரிதாக வைத்துவிட்டுத் திரும்பினேன். நிம்மதியாக இருந்தது.

தீபாவளிக்குப் போனபோது அந்தப் போன் அலமாரியில், அணைந்து கிடந்தது. சார்ஜ் போட்டு எழுப்பினால் ரீசார்ஜ் முடிந்திருந்தது. அதைச் செய்தால் செயலி புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பித்தால் இருப்பிட அனுமதி இல்லை என்றது. நான் கொடுத்திருந்தேனே என்று தேடிப் பார்த்ததில்தான் விஷயம் தெரிந்தது. ஆண்ட்ராய்டு போன்களில், சில மாதங்கள் திறக்கப்படாத செயலிக்குக் கொடுத்த அனுமதிகளைப் போன் தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும். புதிய பதிப்புகளில் அந்தச் செயலியை உறங்கவும் வைத்துவிடும், அறிவிப்புகளும் வராது. நம் அந்தரங்கத்தைக் காக்கச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடுதான், தவறு சொல்ல முடியாது. ஆனால் புயல் எச்சரிக்கைச் செயலியை யார் மாதாமாதம் திறந்து பார்க்கிறார்கள்? நம் கடற்கரைக்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஒன்பது மாதம் அது சும்மா இருக்கும். போனின் கணக்கில் அது கைவிடப்பட்ட செயலி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், வேலை செய்ய வேண்டிய அதே வாரத்தில், அது ஊமையாக இருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: பராமரிப்பு. எச்சரிக்கை வரும் வழி எத்தனை திறமையானது என்று நாம் கேட்கிறோம். அந்த வழியை உயிரோடு வைத்திருக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று கேட்பதில்லை. செயலியில் அது பயனாளியின் தலையில் விழுகிறது: இணையம், சார்ஜ், புதுப்பிப்பு, அனுமதி, சேமிப்பிடம். இதில் ஒன்று அறுந்தாலும் செய்தி வராது. அதைவிடக் கொடுமை, அறுந்தது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, செயலி போட்டுக்கொடுத்த நிம்மதியில் இருக்கும் எனக்கும் தெரியாது, அனுப்பியாயிற்று என்று நினைக்கும் அலுவலகத்துக்கும் தெரியாது.

பட்டன் போனுக்கு இது எதுவும் வேண்டாம். அம்மா அதைத் தினமும் சார்ஜ் போடுகிறார், ஏனென்றால் தினமும் என்னோடு பேசுகிறார். ரீசார்ஜ் தீர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். பேச்சுக்காக அவர் காப்பாற்றும் கருவியில் எச்சரிக்கையும் ஏறி வருகிறது. தினசரி வேலைக்குப் பயன்படும் பொருள்தான் ஆபத்து நாளிலும் கைகொடுக்கும். இதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்காக அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் அன்றாட வேலை. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். அந்த ஒலிபெருக்கி ஊரை வெளியேறச் சொன்னது. 3,500க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். இந்தியாவுக்கென்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது அதற்கும் பிறகு, 2007இல். ஆபத்துக்கென்றே பூட்டி வைத்த ஒலிபெருக்கியாக இருந்திருந்தால் அன்று அது வேலை செய்திருக்குமா என்று அடிக்கடி நினைப்பேன்.

குறுஞ்செய்தியின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, இடம். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70தான். அதிலும் ‘கி’ என்பது இரண்டாகக் கணக்காகும். ‘தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்’ என்று எழுதினாலே ஒரு செய்தியின் இடம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். அதனால் இதை எழுதுகிற அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே நிலைகொண்டிருக்கிறது என்பதைத் தொலைக்காட்சி சொல்லட்டும். குறுஞ்செய்தியில் முதல் சொல்லாக ஆற்றின் பெயரும், இரண்டாவதாக நேரமும், மூன்றாவதாக எங்கே போக வேண்டும் என்பதும் இருந்தால் போதும்.

இரண்டாவது, கூட்டம். கடன் தருகிறேன், நகை வாங்கு என்று வரும் செய்திகளுக்கு நடுவில் எச்சரிக்கை புதைந்துபோகிறது. 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த மாற்றம் இதற்கு உதவுகிறது. அனுப்புநர் பெயரின் கடைசியில் கோடிட்டு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அரசுச் செய்தி. ‘பி’ இருந்தால் விளம்பரம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஒரு எழுத்தின் வடிவத்தை மட்டும் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவதுதான் பெரியது: வந்த செய்தியைப் படிக்காமல் விடுவது. இதற்கு நான் கண்ட வழி சாதாரணமானது. எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண், ஐப்பசி முதல் மார்கழி வரை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து அம்மாவின் போனைப் பார்த்து, எழுத்து ‘ஜி’ என்றால் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போகிறாள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நம் கரைக்கு இணையாக வடக்கே நகர்ந்தபோது இந்த ஏற்பாடு முதன்முறையாக உண்மையில் பயன்பட்டது. செய்தி வந்தது, படிக்கப்பட்டது, அன்றிரவே அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பெருவெள்ளம் வரவில்லை, ஆகவே இது முழுமையான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2024இல் நடந்த பிழை, வந்துவிட்ட செய்தியைப் படிக்காத பிழை. அதை ஒரு பெண்பிள்ளையின் ஐந்து நிமிடத்தால் சரிசெய்ய முடிந்தது. வராமலே போகும் செய்தியை யாரை வைத்துப் படிப்பது?

கோபுரமே சாய்ந்தால் குறுஞ்செய்தியும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலேயே பல இடங்களில் போன் இணைப்பு நாள் கணக்கில் இல்லாமல் போனது. அதனால்தான் ஒலிபெருக்கியை விட மாட்டேன் என்கிறேன். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறையடித்துச் சொல்லும் வேலையை ஒரே சாதியின் தோளில் ஏற்றிவைத்திருந்ததை நிறுத்தியது சரியான முடிவு. ஒலிபெருக்கிக்கு இன்னொரு பலம் உண்டு. அது ஊருக்கே ஒரே நேரத்தில் கேட்கும். தனக்கு மட்டும் வந்த செய்தி என்றால், போகலாமா வேண்டாமா என்று அம்மா தயங்குவார். ஊரே கேட்டது என்றால் எல்லோரும் ஒன்றாக எழுந்து நடப்பார்கள். குறை, அடைமழையும் காற்றும். ஆட்டோ தெருமுனையைத் தாண்டினால் ஓட்டு வீட்டுக்குள் சத்தம் வராது.

கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தந்திக் காலத்து முறை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும், ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். பத்தாம் எண்தான் பேராபத்தின் உச்சம். அதற்கும் மேல் இருக்கும் பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள், எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது. தொடர்பு அறுந்ததையும் ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். இன்றைய எந்தச் செயலியும் தான் செத்துவிட்டதை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வானொலியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பேட்டரியில் ஓடும் சிறிய பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அம்மா பக்திப்பாடல் நேரத்தில் மட்டும் போடுகிறார். ஒடிசாக் கடற்கரையில் 2018இல் 122 இடங்களில் நிறுவிய சைரன் கோபுரங்களைப் போன்றவற்றின் கீழ் நான் வாழ்ந்ததில்லை. கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு என் தேர்வு அப்படியே பொருந்தாது. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் போன் கோபுரமே எட்டாது. 2017 ஒக்கிப் புயலில் குமரி மீனவர்கள் கொடுத்த விலை அது. அவர்களுக்குச் செயற்கைக்கோள் கருவிதான் வேண்டும்.

என் முடிவை மாற்றக்கூடியது ஒன்றுதான்: செல் பிராட்காஸ்ட். 2023இல் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தபோது போன்கள் பெரும் ஓசையோடு அலறியது பலருக்கும் நினைவிருக்கும். ஒவ்வோர் எண்ணாகத் தேடி அனுப்பும் குறுஞ்செய்தியைப் போல இல்லாமல், கோபுரம் தன் எல்லையில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே வீச்சில் அனுப்புவது இது. நெரிசலில் சிக்காது, இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், படிக்காமல் விடவும் முடியாது. பராமரிப்பு என்ற என் அளவுகோலில் குறுஞ்செய்திக்குச் சமம். எழுப்பும் திறனில் அதைவிட மேல். அம்மாவின் பட்டன் போனில் அந்த வசதி இல்லை. அன்று அது அமைதியாகவே இருந்தது. பொத்தான்களும் வேண்டும், இந்த அலறலும் வேண்டும் என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புரட்டாசிக்குள் கிடைத்தால் அம்மாவின் சிம்மை அதில் மாற்றிப் போடுவேன். கிடைக்காவிட்டால் பழைய ஏற்பாடுதான். ஆனால் எதிர்வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போய்விடுவாள். அவள் தம்பி ஒன்பதாம் வகுப்பு, அவனிடம் பேசி வைத்திருக்கிறேன்.