தவிடு போடுகிறீர்களா? அப்படியானால் இந்த மினரல் பவுடர் மட்டும் போதாது

பெங்களூரு தீவனக் கடைகளில் குதிரைக்கென்று கேட்டால் எடுத்துத் தரும் 5 கிலோ வாளி மினரல் பவுடரைப் பற்றியது இது. கிட்டத்தட்ட இதே கலவை வெவ்வேறு லேபிளில் வருவதால், பெயரைவிடப் பின்பக்க அட்டவணையைப் பார்த்து வாங்குவதே சரி. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஒரு கரண்டி, அதாவது 60 கிராம். அதில் கால்சியம் 9 கிராம், பாஸ்பரஸ் 1.5 கிராம், காப்பர் 120 மில்லிகிராம், ஜிங்க் 400 மில்லிகிராம், செலினியம் 1 மில்லிகிராம், வைட்டமின் ஏ 15,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), வைட்டமின் ஈ 300 ஐ.யூ., பயோட்டின் (குளம்புக்கென்று கொடுக்கும் வைட்டமின்) 5 மில்லிகிராம். இரும்பு சேர்க்கவில்லை, உப்பும் இல்லை.

காப்பரும் ஜிங்கும்தான் இதன் பலம். காய்ந்த புல்லை நம்பியிருக்கும் குதிரைக்கு இந்த இரண்டும்தான் பெரும்பாலும் குறையும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி, வேலையில்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு நாளுக்குக் காப்பர் 100, ஜிங்க் 400 மில்லிகிராம் வேண்டும். ஒரு கரண்டி அதை எட்டிவிடுகிறது. இரும்பை விட்டதும் நல்ல முடிவு. நாளுக்கு 400 மில்லிகிராம் இரும்பு போதும். அதைப் புல்லே கொடுத்துவிடும். அதற்கு மேல் 'ரத்தம் ஊற' என்று டானிக் ஊற்றுவது வீண்செலவு மட்டுமில்லை, மிஞ்சிய இரும்பு ஈரலில் போய்ச் சேரும்.

கால்சியத்தில்தான் ஏமாறக்கூடாது. லேபிளில் 9 கிராம் என்று பார்த்ததும் கவலை விட்டது என்று தோன்றும். இங்கே வழக்கமாகப் போடும் தீவனத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்ஸ் 3 கிலோ, கோதுமைத் தவிடு ஒன்றரை கிலோ, கொள்ளு 1 கிலோ, உலர்புல் 6 கிலோ. இதில் கால்சியம் சுமார் 32 கிராம், பாஸ்பரஸ் சுமார் 45 கிராம். குதிரைக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. இங்கே தலைகீழாக நிற்கிறது. ஒரு கரண்டி சேர்த்தாலும் 41க்கு 46தான்.

காரணம் தவிடு. ஒரு கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 11 கிராம் அளவுக்கு இருக்கும், கால்சியம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல், பிறகு முக எலும்பு இரண்டு பக்கமும் புடைப்பது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும், எலும்பைக் கரைத்துத்தானே உடம்பு அதைச் சரிக்கட்டுகிறது! பச்சைப்புல் என்று நேப்பியர் மட்டும் வெட்டிப் போடும் லாயங்களில் இன்னும் மோசம், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிற கால்சியத்தையும் குடலில் பிடித்துக்கொள்ளும்.

தவிட்டை அரை கிலோவுக்குக் குறையுங்கள். கரண்டி பவுடரோடு, தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் பவுடர் 30 கிராம் சேருங்கள். அதில் 11 கிராம் கால்சியம் கிடைக்கும். இப்போது 51க்கு 35 என்று வரும். சுண்ணாம்புக்கல் பவுடருக்குப் பதிலாகக் காய்ந்த குதிரைமசால் ஒரு கிலோ கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன். வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ தொடவே தொடாதீர்கள், வாயும் குடலும் வெந்துபோகும்.

உப்பு தனியாகவே கொடுக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்குச் சமையல் உப்பு 25 கிராம். ஏப்ரல் வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்தால் 50, 60 கிராம்வரை, பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உப்புக்கட்டியைத் தொங்கவிட்டாலும் எல்லாக் குதிரையும் தேவையான அளவு நக்குவதில்லை.

வைட்டமின் ஏ போதும். ஈ போதாது. நிற்கும் குதிரைக்கே 500 ஐ.யூ. வேண்டும், கடும் வேலைக்கு 1,000. புல் காய்ந்து நாளாக நாளாக ஈ அழிந்துவிடும், அதனால் உலர்புல் குதிரைகளுக்கு மீதியைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். அப்போது லேபிளில் செலினியம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் இரண்டையும் சேர்த்தே விற்பது வழக்கம். செலினியம் தேவை நாளுக்கு 1 மில்லிகிராம். அது கரண்டியிலேயே வந்துவிட்டது. 2009இல் ஃப்ளோரிடாவில் 21 போலோ குதிரைகள் அடுத்தடுத்துச் செத்தது, ஊசி மருந்து தயாரித்த இடத்தில் செலினியம் அளவு தவறியதால்தான். சிறிது சிறிதாகக் கூடினாலும் பிடரி, வால் முடி கொட்டும், குளம்பு வெடிக்கும்.

குளம்புக்காக வாங்குகிறவர்களுக்கு இது சரிவராது. பயோட்டின் 15 முதல் 20 மில்லிகிராம் கொடுத்தால்தான் பலன், அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், புதுக் குளம்பு மேலிருந்து வளர்ந்து இறங்க வேண்டுமே.

கரண்டியைக் குவித்து அள்ளினால் 80 கிராமைத் தாண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, 60 கிராம் வரும் இடத்தில் கோடு போடுங்கள். லேபிள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. லாயத்தில் தீவனம் வைப்பவர் தமிழோ கன்னடமோ படிப்பவராக இருந்தால், அளவை அந்த மொழியில் எழுதி வாளியில் ஒட்டிவிடுங்கள். வேகவைத்த கொள்ளில் கலப்பதென்றால் நன்றாக ஆறிய பிறகு. உலர்ந்த தீவனத்தில் தூவினால் தொட்டியின் அடியில் தங்கிவிடும். வெல்லத்தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் ஒட்டும். முதல் வாரம் கால் கரண்டியில் தொடங்குங்கள், வாசனைக்கே தொட்டியை விட்டு விலகும் குதிரைகள் உண்டு.

ஒரு குதிரைக்கு ஒரு வாளி 83 நாள் வரும். போனி ஒன்றுதான் இருக்கிறதென்றால் யாரோடாவது பங்கு போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வாளியில் காப்பரோடு சேர்ந்திருக்கும் வைட்டமின்கள் மழைக்கால ஈரத்தில் சீக்கிரம் கெடும். மினரல் சேர்த்த பெல்லட்டை (குச்சித் தீவனத்தை) மூட்டையில் அச்சிட்டிருக்கும் முழு அளவில் ஏற்கெனவே கொடுப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

விலை குறைவு என்று இதற்குப் பதில் மாட்டுக்கோ கோழிக்கோ உள்ள கலவையை வாங்காதீர்கள். அவற்றில் மொனென்சின் என்ற தீவன மருந்து சேர்ந்திருந்தால், மாடு தாங்கும் அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.